பேச்சியம்மாள் சொன்னது

ஒரே கல்யாணத்தின் ஒரே நொடியில் தன் அம்மா இரண்டு வெவ்வேறு காரியங்கள் செய்வதை இசக்கிசெல்வி கவனித்தது திருப்பூரில், அத்தை வீட்டில் வைத்து.

அத்தை சுடலைவடிவுக்குக் கல்யாணமாகி நாற்பத்தோரு வருடம் நிறைந்த நாள். மதியச் சாப்பாடு முடிந்ததும், அத்தை மகன் வரவேற்பறைச் சுவரில் அந்தப் பழைய கல்யாண வீடியோவை ஓடவிட்டான். இசக்கிசெல்விக்கு அது மனப்பாடம். அவள் வீட்டிலும் ஒரு பிரதி இருந்தது. சித்தப்பா மகனின் பழைய கணினியில் கிடந்தது இருபது வருடத்துக்கு முன்பு அவள் கைக்கு வந்தது. அம்மாவின் படம் என்று அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். பந்தல்காலை ஒட்டிப் பச்சைச் சேலையில் நிற்கிற அம்மா, வாய்கொள்ளாச் சிரிப்புடன் கைதட்டுவாள்.

அத்தை வீட்டுச் சுவரில் அம்மா கைதட்டவில்லை. கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அதைக் கொஞ்சம் நிறுத்துப்பா" என்றாள் இசக்கிசெல்வி. தன் செல்பேசியில் இருந்த பிரதியை எடுத்து அதே இடத்தில் நிறுத்தினாள். அதே பந்தல்கால், அதே சேலை, பின்னால் அதே நாதஸ்வரக்காரர். இங்கே தட்டுகிற கை அங்கே கும்பிட்டது. காலடியில் இங்கே பூக்கூடை, அங்கே ஒன்றுமில்லை.

"ரெண்டுல எது அத்தை எங்கம்மா?"

அத்தை உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து, பட்டுச்சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு தட்டையான பெட்டியை எடுத்து வந்தாள். மேலே படத்தில் மாலையும் கழுத்துமாக அத்தையும் மாமாவும். உள்ளே ஒரு டிவிடி.

"உங்கப்பா அப்பமே வந்து கேட்டாவ. எல்லார்ட்ட இருந்தும் வாங்கிட்டுப் போனாவ. நான் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேன். எங் கல்யாணமாச்சே, குடுக்க மனசு வரல."

"அப்பாவுக்கு எதுக்கு?"

"அதை நான் கேக்கல" என்றாள் அத்தை.

*

பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தின் பின்கட்டில் இருந்தது மூலப்பதிவுப் பிரிவு. வழக்குகளுக்காகப் பழைய பதிவுகளை உள்ளபடியே எடுத்துக்கொடுக்க ஏற்பட்ட இடம். பொதுமக்களும் விண்ணப்பம் போடலாம். அங்கே பொறுப்பில் இருந்த அருமைநாயகம் அறுபதை எட்டிக்கொண்டிருப்பவர். டிவிடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விளிம்பைச் சுற்றிப் பார்த்தார்.

"வெளிப்பக்கம் லேசா உரிஞ்சிருக்கு. ஆனா எடுத்துறலாம்னு நினைக்கேன். என்ன வழக்கு?"

"வழக்கெல்லாம் இல்ல சார். எங்கம்மா என்ன செய்தான்னு பாக்கணும்." செல்பேசியில் ஏற்றி வந்த இரண்டு பிரதிகளையும் காட்டினாள்.

அவர் வியப்படையவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"உங்க வீட்ல இருக்கது படமே இல்லம்மா. படத்தைப் பத்தின குறிப்பு. இருபது வருசத்துக்கு முன்னால இடம் பத்தலன்னு எல்லாப் பழைய வீடியோவையும் 'தெளிவி'க்குள்ள விட்டு மாத்துனாங்கல்லா? தெளிவி படத்தை வச்சுக்கிடாது. 'பந்தல்கால் பக்கத்துல ஒரு பொம்பள, பச்சைச் சேலை, கல்யாண வீடு'ன்னு எழுதி வச்சுக்கிடும். நீங்க போடும்போது அந்தக் குறிப்பை வச்சுப் புதுசா வரையும். பொண்ணு மாப்பிள்ளை முகம் பெருசா இருக்கும், அதைச் சரியா வரைஞ்சிரும். ஓரத்துல நிக்கவங்க முகம், விரலு, இதெல்லாம் பிடிபடலைன்னா, கல்யாண வீட்ல வழக்கமா எப்படி இருக்குமோ அப்படிப் போட்டுரும்."

"வழக்கமான்னா?"

"சிரிப்பாங்க. கையை அசைச்சா ஒண்ணு தட்டுவாங்க, இல்ல கும்பிடுவாங்க. ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் ஒவ்வொரு மாதிரி."

"எங்கம்மாவுக்குக் காது கேக்காது சார். பேச்சும் வராது. கையாலதான் பேசுவா."

அருமைநாயகம் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

பேச்சியம்மாள் என்று அம்மாவுக்குப் பெயர் வைத்தது பிறந்த மறுநாள். பேச்சு வராது என்று தெரிந்தது மூன்று வயதில். ஊரில் அதைச் சொல்லிச் சிரிக்காத ஆளில்லை. பள்ளிக்கூடம் போகாதவள், சைகை மொழி என்று முறையாக எதுவும் படிக்காதவள். அவளும் அவளைப் பெற்றவளும் தேவைக்குத் தேவை உண்டாக்கிக்கொண்ட பாஷை அது. பிறகு அதை மகளுக்கும் கொடுத்தாள். வாய்ப்பேச்சுக்கு முன்னாலேயே இசக்கிசெல்விக்குக் கைப்பேச்சு வந்துவிட்டது என்று அத்தை சொல்வாள். அம்மா போன பிறகு விடுதியில் சேர்த்தார்கள். அங்கே கையை ஆட்டிப் பேசினால் அடி விழுந்தது. ஒரு வருடத்தில் எல்லாம் மறந்துபோயிற்று.

அத்தை கல்யாணம் முடிந்த மூன்றாவது வாரம் அம்மா கிணற்றில் கிடந்தாள். தண்ணீர் இறைக்கும்போது கால் வழுக்கிவிட்டது என்றார்கள். அப்படி இல்லை என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் பெரியவர்கள் அவளை ஏதாவது வேலை சொல்லி வெளியே அனுப்பினார்கள்.

"டிவிடியில என்ன இருக்கும் சார்?"

"அன்னைக்கு கேமரா என்ன பாத்துச்சோ அது. அதுவும் சுருக்குனதுதான். கட்டம் கட்டமா மங்கும், ஆனா இல்லாததை வரையாது. நான் அதை இன்னொரு தடவை சுருக்க மாட்டேன். தெளிவிக்குள்ள விட மாட்டேன். உள்ள இருக்கது ஒரு புள்ளி மாறாம அப்படியே வெளிய வரும்." டிவிடியை மேசையில் வைத்தார். "பாக்கணுமான்னு ஒரு தடவை யோசிச்சுக்கோங்க. இங்க வரவங்க எல்லாரும் சந்தோசமாப் போறதில்ல."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

அது பொய். யோசித்தால் வரமாட்டோம் என்று தெரிந்துதான் பணிமனையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேராக வந்திருந்தாள். மின்பேருந்துப் பணிமனையில் நாற்பது பேரை மேய்க்கிறவள் அவள். எந்த வண்டியில் என்ன பழுது என்று முகத்துக்கு நேரே கேட்டு வாங்கிவிடுவாள். இதைக் கேட்பதற்கு மட்டும் இத்தனை வருடமாக அவளுக்கு ஆள் கிடைக்கவில்லை.

*

டிவிடி உள்ளே போய்ச் சுழன்றது. முக்கால் பங்கு தடையில்லாமல் வந்தது. விளிம்புப் பக்கம் போனதும் இயந்திரம் திணறியது. திரையில் ஒரு கேள்வி எழுந்தது: விடுபட்ட பகுதிகளை நிரப்பவா?

"வேண்டாம்" என்று அழுத்தினார் அருமைநாயகம். வேகத்தைக் குறைத்து மறுபடி படிக்கவிட்டார். மறுபடி அதே கேள்வி. வேண்டாம். இன்னும் மெதுவாக. வேண்டாம்.

"நிரப்புனா என்ன சார் ஆகும்?"

"அந்த இடத்துல மட்டும் தெளிவி வந்து வரைஞ்சிரும். நீங்க வீட்லயே இருந்திருக்கலாம்."

நாலு மணிக்குக் கடைசித் துண்டும் வந்தது. துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தார். பிறகு அறையின் மூலையில் உறை போட்டு வைத்திருந்த பழைய திரையைத் திறந்தார்.

"இப்ப வர்ற திரை எல்லாத்துக்குள்ளயும் தெளிவி இருக்கு. இந்தக் கோப்பை வீட்டுச் சுவர்ல போட்டீங்கன்னா போடும்போதே திருத்திரும். உள்ளபடி பாக்கணும்னா இப்படிப்பட்ட திரைதான் வேணும். இங்க வந்துதான் பாக்கணும்."

படம் சின்னதாக, மங்கலாக இருந்தது. யாராவது திரும்பினால் உருவத்தின் ஓரம் சீப்புப்பல் மாதிரிப் பிரிந்தது. இவ்வளவுதானா என்று இசக்கிசெல்விக்கு ஏமாற்றமாக இருந்தது. தாலி கட்டினார்கள். குலவை கேட்டது. படக்காரர் பந்தலைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்தார்.

பந்தல்கால் வந்தது. அம்மா வந்தாள்.

சிரிக்கவில்லை. இடது கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. தலைமுடியை முன்னால் இழுத்து அதை மறைத்திருந்தாள். காலடியில் இருந்தது பூக்கூடை இல்லை, கழுத்தை முடிந்த துணிப்பை. பிதுங்கி நிற்கிற பை. படக்காரரைத்தான் பார்க்கிறாள் என்பதுபோல் நேராகப் பார்த்தாள். அவள் பார்த்தது அவரை அல்ல, அவருக்கு இடப்பக்கம், இடுப்பு உயரத்துக்கு.

கைகள் அசைந்தன.

காதுமடலைப் பிடித்துக் கீழே இழுத்தாள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கோத்துக் காட்டினாள். உள்ளங்கையில் ஒரு தட்டு. கையை வாசல்பக்கம் வழித்தாள். மறுபடி காதுமடல், கோத்த விரல், தட்டு, வாசல்.

"இது என்னன்னு தெரியுதாம்மா?" என்று அருமைநாயகம் கேட்டார்.

தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவளுடைய கை எழுந்து அவளுடைய காதுமடலைப் பிடித்திருந்தது.

"ஆச்சி வீடு" என்றாள். தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது. "ஆச்சி பாம்படம் போட்டிருப்பா. காது தோள் வரைக்கும் தொங்கும். காதை இழுத்தா ஆச்சி வீடு. அம்மாவைப் பெத்தவ வீடு." விரல்களைக் கோத்தாள். "நீயும் நானும்." உள்ளங்கையில் தட்டினாள். "இப்பமே. வா. ஆச்சி வீட்டுக்குப் போயிருவோம், இப்பமே வா."

அம்மா நாலு தடவை அதைச் சொன்னாள். இலை போடப் போகிறவர்களும் இலை எடுத்து வருகிறவர்களும் அவளுக்குக் குறுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

படக்காரர் கேமராவை இடப்பக்கம் திருப்பினார். மஞ்சள் பட்டுப்பாவாடையில் ஆறு வயதுப் பிள்ளை. கையில் ஐஸ்கிரீம் கோப்பை. வாயைச் சுற்றிலும் வெள்ளை. அழகாக இருக்கிறதே என்று நினைத்திருப்பார் போல, கிட்டே கொண்டு போனார். பிள்ளை கேமராவைப் பார்க்கவில்லை. பந்தல்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோப்பை இல்லாத கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்தது. பிறகு அந்தக் கையை விரித்து மேலே தூக்கியது.

இந்த இடம் இரண்டு பிரதியிலும் ஒன்றுபோலத்தான் இருந்தது. இரண்டிலும் பிள்ளை தூக்கக் கலக்கத்தில் கன்னத்தில் கைவைத்திருக்கும். வீட்டில் யார் பார்த்தாலும் அந்த இடத்தில் சிரிப்பார்கள்.

கேமரா மறுபடி பந்தல்காலுக்கு வந்தது. அம்மாவின் கைகள் இறங்கியிருந்தன. ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு பையைக் காலால் பந்தல்காலுக்குப் பின்னே தள்ளிவிட்டு, குனிந்து, யாரோ சிந்திவிட்டுப் போன சோற்றைக் கூட்டி அள்ளத் தொடங்கினாள். படம் மணவறைக்குப் போய்விட்டது.

அருமைநாயகம் நிறுத்தினார்.

"நாளைக்கு" என்றாள் இசக்கிசெல்வி.

"என்னம்மா?"

"தூங்கி எந்திரிச்சா விடியும்லா. அது நாளைக்கு. நான் நாளைக்குன்னு சொல்லியிருக்கேன், அண்ணாச்சி. ஐஸ் தின்னணும்னு."

"ஆறு வயசு. உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியாது. சரிதான்." அவள் திரையையே பார்த்தாள். "அந்த வீட்ல அவ சொன்னதை யாருமே கேக்கல, அண்ணாச்சி. அவ நான் சொன்னதைக் கேட்டுட்டா."

*

வீடு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கணவர் கடல் காற்றாலையில் வேலையாக இருக்கிற வாரம். கட்டிலில் அப்பா சங்கரபாண்டி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் இடப்பக்கத்தை எடுத்து ஒன்பது வருடமாகிறது. குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அவள்தான். எதிர்ச் சுவரில் வழக்கம்போலக் கல்யாணம் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலமானால் அவருக்கு அது வேண்டும். பச்சைச் சேலைக்காரி சிரித்துச் சிரித்துக் கைதட்டினாள்.

இசக்கிசெல்வி சுவரை அணைத்தாள்.

"ஏ பிள்ள, ஏன்?"

"அத்தைட்ட ஒரு டிஸ்க் இருந்துச்சுப்பா. இன்னைக்கு அதைப் பாத்துட்டு வாறேன்."

அவர் முகத்தில் நல்ல பக்கம் மட்டும் அசைந்தது. "வடிவு தொலைச்சுட்டேன்னு சொன்னாளே."

"தொலைக்கல."

தெருவில் தண்ணீர்வண்டி வந்து மணியடித்துவிட்டுப் போனது.

"சிரிக்க மாட்டா அதுல" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"கல்யாணம் முடிஞ்ச மாசமே டிஸ்க் வந்துட்டு. அவ போய்ப் பத்து நாளு இருக்கும். எல்லாரும் பாத்தாவ, யாருக்கும் ஒண்ணும் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது. ஏழு வருசம் கூட இருந்தவன்லா. அவ கை பேசுறது புரியாத மாதிரி இருந்துக்கிடுவேன். புரிஞ்சா பதில் சொல்லணும்லா." மூச்சு வாங்கியது. "நான் அவளைத் தள்ளல தாயி. அடிச்சேன். அது உண்டு. தள்ளல."

"அதுக்குத்தான் டிஸ்க்கை எல்லாம் வாங்குனீங்களா? அடிச்சது தெரிஞ்சுரும்னு?"

"ஊருக்கே தெரியும் அடிச்சது. அதுக்கு எதுக்கு உடைக்கணும்?"

"பெறகு?"

அவர் நல்ல கையைத் தூக்கப் பார்த்தார். பாதியில் கீழே போட்டுவிட்டார்.

"நீ வளந்து பெரிய பிள்ளையாகி அதைப் பாப்ப. அவ கூப்பிட்டதுக்கு நீ என்ன சொன்னங்கிறது அதுல இருக்கு. அது உன் கண்ணுல படவே கூடாதுன்னுதான் வீடு வீடாப் போயி வாங்கி உடைச்சேன்."

இசக்கிசெல்வி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். இந்த மனிதரை வெறுப்பதற்கு வேண்டியது எல்லாம் இன்றைக்குக் கிடைத்துவிட்டது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். வெறுக்கவும் செய்தாள். ஆனால் நாற்பத்தோரு வருடம் அவர் ஒரு வார்த்தையை அவளிடமிருந்து மறைத்து வைத்திருந்தார், அதையும் வெறுக்க அவளால் முடியவில்லை.

"பெறகு எப்படி இதை மட்டும் தெனமும் பாக்கீங்க?"

"இதுல சிரிக்கால்லா" என்றார் அப்பா. "பொய்னு தெரியும். இருந்தாலும் சிரிக்கா."

அவள் எழுந்து போய்க் கஞ்சியைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். அவர் வாயைத் திறந்தார். ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். சுவரை மறுபடி போடச் சொல்லி அவர் கேட்கவில்லை. அவளும் போடவில்லை. இருவரும் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

*

மறுநாள் காலையில் படத்துக்கான சான்றிதழ் வாங்க மூலப்பதிவுப் பிரிவுக்குப் போனாள். அருமைநாயகம் மெதுவான குரலில் "வாங்கம்மா" என்றார். படிவம் தயாராக இருந்தது. மறுசுருக்கம் செய்யப்படவில்லை, ஒரு பகுதியும் நிரப்பப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கீழே படத்தில் யார் யார், எந்த நிமிடத்தில் என்ன என்று வரிசையாக ஒரு பட்டியல்.

அவள் நிதானமாகப் படித்தாள். பந்தல்கால் வருகிற இடத்தில் விரலை வைத்தாள். 'பச்சைச் சேலை அணிந்த பெண். பேச்சு இல்லை' என்றிருந்தது.

"இதை மாத்தணும் அண்ணாச்சி."

"அது சத்தம் இருக்கா இல்லையாங்கிறதுக்கு உள்ள கட்டம்மா."

"பேச்சுன்னுதான போட்டிருக்கு? பேச்சு இருக்குல்லா."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு புதுப் படிவம் ஒன்றை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க."

அவள் சொன்னாள். காதுமடல் என்னவென்றும் கோத்த விரல் என்னவென்றும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டே வந்தார்: பேச்சியம்மாள், வயது இருபத்தாறு, மகளிடம் பேசுகிறார். ஆச்சி வீட்டுக்குப் போய்விடுவோம், இப்போதே வா. நாலு முறை.

எழுதி முடித்து நிமிர்ந்தார். "அம்புட்டுதானம்மா?"

"அடுத்தது பிள்ளை."

"அது வேண்டாமே" என்றார் அருமைநாயகம். "குழந்தைகளைப் பத்திக் குறிக்கணும்னு கட்டாயம் இல்ல. விட்டுரலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

"இல்ல அண்ணாச்சி. விட்டா நானும் நிரப்புன மாதிரிதான். எழுதுங்க. மகள் பதில் சொல்கிறாள்: நாளைக்கு."

பேனா கொஞ்ச நேரம் தாளின் மேலேயே நின்றது. பிறகு எழுதியது.

"பிள்ளை பேரு?"

அவள் மேசை மேல் இருந்த தன் கைகளைப் பார்த்தாள்.

"இசக்கிசெல்வி" என்றாள். "வயசு ஆறு."